முந்திரிக்காட்டில் கோரையும் அருகம்புல்லும்: குறைந்த செலவில் அடக்குவது எப்படி?

செம்மண்கொல்லை (கேள்வி):

வணக்கம். பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் நிலம், 3 ஏக்கர், மானாவாரி. வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்று, 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளி. நட்டு 2 வருஷம் முடிஞ்சிருக்கு, கன்னு இடுப்பு உயரம் தாண்டியாச்சு.

பிரச்சினை களை. நடுவுல ஒரு ஏக்கர் முழுக்கக் கோரை. வரப்பை ஒட்டி அருகு (அருகம்புல்) உள்ளே ஏறிக்கிட்டிருக்கு. மேற்கு வேலியில வேலிக்காத்தானும் (சீமைக்கருவேலம்) உண்ணிச்செடியும். போன வருஷம் ஆள் விட்டுக் கொத்தினேன், மழைக்குப் பிறகு ரொட்டவேட்டரும் ஓட்டினேன். ஓட்டின இடத்துல இப்ப முன்னைவிட நெருக்கமா நிக்குது. கூலி கொடுத்துக் கட்டுப்படியாகல, கூப்பிட்டாலும் ஆள் வர்றதில்ல.

1. காய்ப்புக்கு வர்ற வரைக்கும் வருஷத்துக்கு ஏக்கருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு செலவுல சமாளிக்கலாம்?
2. களைக்கொல்லி அடிக்கலாமா? கன்னுக்கு ஆபத்தா?
3. உப்பு, கோமியம், எலுமிச்சைச் சாறு கலந்து அடிச்சா கோரை செத்துடும்னு வீடியோ சுத்துது. உண்மையா?

இப்ப மாசி முடியப்போகுது. சித்திரைக்குள்ள ஏதாவது தொடங்கணும்.

கொழுமுனை:

முதல்ல கோரையையும் அருகையும் ஒரே களையா நினைக்கிறதை விடுங்க. ரெண்டும் பிழைக்கிற விதம் வேற.

கோரை மண்ணுக்கடியில கிழங்கைச் சங்கிலியாக் கோத்து வைக்கும். பெரும்பாலான கிழங்கு மேல் 15 செ.மீ. மண்ணுக்குள்ள இருக்கும், கொஞ்சம் 30 செ.மீ. வரைக்கும் இறங்கும். சங்கிலியில ஒரு கிழங்கு முளைச்சிட்டா அடுத்தடுத்த கிழங்கு தூங்கும். ரொட்டவேட்டர் கத்தி அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டா வெட்டும்போது தூங்கின கிழங்கெல்லாம் தனித்தனியா முழிச்சுக்கும். ஈர மண்ணுல ஓட்டினா எல்லாமே உயிரோட முளைக்கும். உங்க காட்டுல நடந்தது இதுதான்.

அருகுக்குக் கிழங்கு இல்லை. தரைக்கு மேல ஓடுற கொடி, தரைக்குள்ள ஓடுற தண்டு, ரெண்டுலயும் கணுவுக்குக் கணு முளை. ரொட்டவேட்டர் அதை விரல் நீளத் துண்டா நறுக்கிக் காடு முழுக்க விதைச்சு விடும். அருகு இருக்குற நிலத்துல ரொட்டவேட்டர் காய்ஞ்ச மண்ணுலகூட வேணாம். வாடகைக்கு வர்ற டிராக்டர்காரர் அதைத்தான் மாட்டிக்கிட்டு வருவார். கொத்துக்கலப்பைன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.

ரெண்டுக்கும் பொதுவான எதிரி வெயிலும் நிழலும். இப்பக் கையில இருக்கிறது வெயில். சித்திரையில மண் நல்லாக் காய்ஞ்சிருக்கும்போது 9 கொத்துக் கலப்பையை 15 முதல் 20 செ.மீ. ஆழம் இறக்கி ஒரு சால். 7 முதல் 10 நாள் விட்டு குறுக்குச் சால். முடிஞ்சா கத்திரி வெயில்ல மூணாவது சால். மேல வந்த கோரைக்கிழங்கு சில நாள் கடும் வெயில்ல கிடந்தாலே சுருங்கிச் செத்துடும். ஆனா கட்டிக்குள்ள மாட்டின கிழங்கு சாகாது, உள்ளே ஈரம் இருக்கும். அதனால மண்ணு பெரிய கட்டியாப் பெயர்ந்தா அந்தக் கட்டியை உடைக்கிறதுக்காகவே ரெண்டாவது சால் வேணும். கோடை மழை பெஞ்சுட்டா அந்த வாரம் உழவே வேணாம், காயுற வரைக்கும் பொறுங்க. ஈரத்துல ஓட்டின உழவு கோரைக்கு நடவு.

அருகு நிக்கிற ஓரத்துல, கொத்துல மாட்டி வர்ற கொடியையும் தண்டையும் பலுகு இல்லன்னா வரண்டி வெச்சு வாரி, வெட்டவெளியில பாறை மேலயோ களத்துலயோ காயப் போடுங்க. வரப்பு மேல குவிச்சா அடுத்த மழைக்கு அங்கிருந்தே இறங்கும். காய்ஞ்சது மாட்டுக்குத் தீவனம்.

ஒரு எல்லை மட்டும் தாண்டாதீங்க. கன்னு தண்டுலேர்ந்து ஒன்றரை முதல் 2 மீட்டருக்குள்ள டிராக்டர் கொத்து வரக்கூடாது. முந்திரியோட ஊட்ட வேர் மேல் மண்ணுலதான் படரும். வேரும் தூரும் காயம்பட்டா தண்டுத்துளைப்பான் வண்டு முட்டை வைக்க அந்த இடத்தைத் தேடி வரும். களையை அழிக்கப் போய் மரத்தை இழக்கிற வழி அதுதான்.

உரக்கடைத்திண்ணை:

மருந்து பற்றிய 2-வது கேள்விக்கு வருகிறேன். கடையில் எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பெண்டிமெத்தாலின்: விதையிலிருந்து முளைக்கும் களைக்கானது. கிழங்கிலிருந்து வரும் கோரைக்கும் கணுவிலிருந்து வரும் அருகுக்கும் இது பயன்படாது. மானாவாரிக் கடலை போடும்போது ஒருபருவக் களைக்கு வேண்டுமானால் அடிக்கலாம்.

பாராகுவாட்: பட்ட பச்சையைக் கருக்கும், வேருக்குள் போகாது. இரண்டு நாளில் காடே காய்ந்த மாதிரி தெரிவதால் எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் கோரை அதே கிழங்கிலிருந்து திரும்ப வரும். உள்ளே போனால் உடம்புக்கு மாற்று மருந்து கிடையாது. பல்லாண்டுக் களைக்கு இதை வாங்குவது வீண்செலவு, ஆபத்து வேறு.

2,4-டி: அகன்ற இலைக்கானது. காற்றில் நகர்ந்தால் முந்திரிக் கன்றின் கொழுந்து சுருளும், பக்கத்துக் கொல்லையில் பருத்தியோ கத்தரியோ இருந்தால் சண்டை நிச்சயம். கோரையின் மேல்பாகம் வாடும், கிழங்கு பிழைக்கும்.

ஹாலோசல்ஃப்யூரான் 75%: கோரைக்கு நன்றாக வேலை செய்யும், கரும்பில் ஏக்கருக்கு 36 கிராம் அளவு. ஆனால் முந்திரிக்கு லேபிளில் இடமில்லை, அருகை ஒன்றும் செய்யாது. மண்ணில் மிச்சம் நிற்கும் வகை என்பதால் பின்னால் பயறோ கடலையோ போட மாதக்கணக்கில் இடைவெளி வேண்டும். ஊடுபயிர் போட நினைக்கும் காட்டுக்கு ஒத்துவராது.

கிளைபோசேட் 41%: இலை வழியாக இறங்கி, கோரைக் கிழங்கு, அருகின் தண்டு இரண்டையும் தாக்குவது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். சட்டம் இரண்டு இடத்தில் தடுக்கிறது. முதலாவது, இந்தியாவில் இதன் லேபிளில் இருப்பது தேயிலைத் தோட்டமும் பயிரில்லா நிலமும்தான், முந்திரி இல்லை. இரண்டாவது, 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுத் தெளிப்பாளர் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம். எனவே உங்கள் நிலத்தில் இதற்கு நியாயமான இடம் வேலியோரம், பாதை, இன்னும் நடாத தரிசு. கன்றுகளுக்கு நடுவில் அடிக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு வயதுக் கன்றின் பட்டை இன்னும் பச்சையாக இருக்கும். பச்சைப் பட்டை வழியாகவும் மருந்து ஏறும். அடுத்த தளிர் ஊசி மாதிரி சிறுத்து வரும்போதுதான் தெரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும்.

செம்மண்கொல்லை:

நன்றி அண்ணா. பக்கத்துல இன்னும் நடாத 40 சென்ட் தரிசு இருக்கு, அங்கேயும் கோரைதான். ஐப்பசியில கன்னு வைக்கப் போறேன். அந்த இடத்துக்கு உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டா, அவர் சரியா அடிக்கிறாரான்னு நான் எதைப் பார்க்கணும்? எங்க போர் தண்ணி கொஞ்சம் உப்பு, சோப்பு நுரைக்காது.

உரக்கடைத்திண்ணை:

நல்ல கேள்வி. பலன் கெடுவதில் பாதி தண்ணீரால்தான்.

சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் அம்மோனியம் சல்பேட். லிட்டருக்கு 20 கிராம், 16 லிட்டர் டேங்குக்கு 320 கிராம். முதலில் அதைக் கரைத்து, பிறகு மருந்தை ஊற்ற வேண்டும். மருந்து லிட்டருக்கு 10 மி.லி., டேங்குக்கு 160 மி.லி. ஏரி, குட்டையின் கலங்கல் தண்ணீர் கூடவே கூடாது. களிமண் துகளில் மருந்து ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். அதே காரணத்தால் புழுதி படிந்த இலைமேல் அடித்தாலும் பலன் குறையும்.

தெளிப்பாளர் தொடங்கும் முன் வெறும் தண்ணீரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போட்டு அடித்து, செலவான லிட்டரை 40-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. கட்டத்துக்கு இரண்டரை லிட்டர் என்றால் ஏக்கருக்கு 100 லிட்டர், மருந்து 1 லிட்டர். லேபிள் அளவு ஏக்கருக்குச் சுமார் 800 மி.லி. முதல் 1.2 லிட்டர் வரைதான். கட்டத்துக்கு 4 லிட்டர் போனால் அதே கலவையில் 1.6 லிட்டர் ஆகிவிடும். அதாவது கை மெதுவாகப் போகிறது, இல்லையென்றால் நாசில் தேய்ந்துவிட்டது. விசிறி போல் விரியும் தட்டை நாசில் வேண்டும். பூச்சி மருந்துக்கு வைக்கும் குழிக்கூம்பு நாசில் பனியாகப் பறக்கவிடும்.

நேரம்: கோரை முளைத்து நாலு வாரம் வாக்கில், இலை ஒரு சாண் உயரம், பூக்காம்பு எட்டிப் பார்க்கும் முன் அல்லது அப்போது. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். வாடி நிற்கும் கோரை மருந்தைக் கீழே இறக்காது. அடித்தபின் 6 மணி நேரம் மழை கூடாது. ஒரு வாரம் முன்பு மேய்க்கவோ அறுக்கவோ கூடாது, அடித்தபின் 2 முதல் 3 வாரம் உழக்கூடாது.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. நாலாவது நாள் பச்சையாகவே இருக்கிறதே என்று மேலே பாராகுவாட்டை அடித்துவிடுவார்கள். இலை கருகியதும் கிளைபோசேட் கிழங்குக்கு இறங்குவது நின்றுபோகும். இரண்டு மருந்துச் செலவும் போச்சு. ஒரு வாரத்தில் மஞ்சளாகும், மூன்று வாரத்தில் காயும். பொறுத்திருக்க வேண்டும்.

ஒரே தடவையில் தீராது. தூங்கிக்கொண்டிருந்த கிழங்கு அடுத்த மழைக்கு முளைக்கும். நடுவதற்கு முன் இன்னொரு முறை அதே பக்குவத்தில். அதனால் தரிசில் இந்த வரிசை: சித்திரை உழவு, முதல் மழைக்கு முளைக்க விடுவது, நாலு வாரத்தில் தெளிப்பு, மூன்று வாரம் சும்மா விடுவது, அடுத்த முளைப்புக்கு இரண்டாம் தெளிப்பு. ஐப்பசி நடவுக்குக் காலம் போதும்.

காணிக்கணக்கு:

செலவுக் கணக்கு கேட்டீர்கள். 3 ஏக்கரிலும் களையை அழிப்பது என்று தொடங்கினால் எந்த முறையும் கட்டுப்படியாகாது. எங்கே களை இருக்கக்கூடாது, எங்கே இருந்தால் பரவாயில்லை என்று பிரியுங்கள்.

7 x 7 என்றால் ஏக்கருக்கு 82 மரம். தண்டைச் சுற்றி 1 மீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டால் ஒரு வட்டம் 3.14 சதுர மீட்டர், 82 வட்டமும் சேர்ந்து 258 சதுர மீட்டர். ஆறரை சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஒன்றரை மீட்டர் ஆரம் என்றால் 580 சதுர மீட்டர், சுமார் 14 சென்ட். கன்று தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி போடுவது இந்த இடத்தில்தான். மீதி 86 சென்ட்டில் களை இருந்தால் நேரடி நட்டம் குறைவு. அங்கே அது விதைக்காமல், கிழங்கு பெருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆள் கூலி 500 ரூபாய், நெருங்கிய கோரைக்கு ஏக்கருக்கு 12 ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 4 முறை முழு ஏக்கரையும் கொத்தினால் 24,000 ரூபாய். வட்டம் மட்டும் என்றால், கிழங்கைப் பொறுக்கி எடுத்து நிதானமாகச் செய்தாலும் ஏக்கருக்கு 2 ஆள். 4 முறைக்கு 4,000. நடுப்பகுதியைப் புல்வெட்டும் இயந்திரத்தால் வருடம் 3 முறை, ஆளோடு நாள் வாடகை 1,500 என்று வைத்தால் 4,500. ஆக 8,500. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

வட்டத்துக்குள் கொத்தும் இடைவெளிதான் முக்கியம். கோரை முளைத்து மூன்று வாரத்துக்கு மேல் விட்டால் இலை சம்பாதித்ததைப் புதுக் கிழங்காகக் கீழே சேர்க்க ஆரம்பிக்கும். அதற்கு முன் கொத்தினால் பழைய கிழங்கின் கையிருப்பு மட்டும் கரையும். 4 முறையையும் வருடம் முழுக்கப் பரப்பாதீர்கள். ஆவணி முதல் கார்த்திகை வரை, மழைக்குப் பின் முளைக்கும் பருவத்தில் நெருக்கிச் செய்யுங்கள். பங்குனி வெயிலில் காய்ந்த தரையைக் கொத்துவதற்குக் கூலி கொடுப்பது தேவையில்லை.

உரமும் வட்டத்துக்குள்தான். கொத்தி முடித்த ஈரத்தில் இட்டு மண் மூட வேண்டும். காடு முழுக்க வீசினால் கோரைக்குத் தீவனம் போட்டதாகும்.

கொழுமுனை:

காணிக்கணக்கு சொன்ன நடு 86 சென்ட்டைப் புல்வெட்டிக்கு விடுறதைவிடப் பயிருக்கு விடலாம். கோரை, அருகு ரெண்டும் நிழல் தாங்காத ஜாதி. இப்பக் கன்னு நிழல் தராது, அதனால நிழல் தர்ற பயிரை நாமதான் போடணும்.

சணப்பை (பசுந்தாள் உரப்பயிர்): ஆடி, ஆவணி மழைக்கு ஏக்கருக்கு 15 கிலோ விதை, வட்டத்தை விட்டு மிச்ச இடத்துக்கு 12, 13 கிலோ போதும். நெருக்கி விதைக்கணும். இடைவெளி விட்டு விட்டு முளைச்சா சணப்பைக்கு நடுவுலயே கோரை ஜாலியா நிக்கும். 45 முதல் 50 நாள்ல, பூ எடுக்கும்போது அறுத்து, வட்டத்துக்குள்ள மூடாக்காப் போடுங்க. முத்த விட்டா நார் ஏறி மக்காது. மூடாக்கு அரை அடி கனம் வேணும். தண்டுலேர்ந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்க. நம்ம செம்மண்ணுல கரையான் அதிகம், தண்டை ஒட்டிப் போட்டா பட்டையைத் தின்னுடும்.

அதுக்குப் பிறகு கார்த்திகை ஈரத்துக்குக் கொள்ளு, இல்லன்னா காராமணி. கொள்ளு தரையை மூடிப் படரும், செலவு விதை மட்டும்தான்.

மல்லாட்டை (நிலக்கடலை) போடலாம், வருமானமும் உண்டு. ஆனா கோரை நெருங்கின அந்த ஒரு ஏக்கர்ல முதல் வருஷம் வேணாம். மல்லாட்டைக்குக் களை எடுக்கிற கூலியே விளைச்சலைத் தின்னுடும். மத்த 2 ஏக்கர்ல போடுங்க. செடி பிடுங்கும்போது மேல வர்ற கிழங்கையும் சேர்த்துப் பொறுக்கச் சொன்னா அது தனிக் கூலி இல்லாம நடக்கும்.

புல்வெட்டி ஓட்டினா ஒரு எச்சரிக்கை. நைலான் கயிறு கன்னுத் தண்டுல பட்டா பட்டை வளையமா உரியும். வட்டத்துக்குள்ள இயந்திரமே வேணாம், கைக்கொத்துதான். தூர்ல பிசினும் மரத்தூளும் தெரிஞ்சா களை வேலையை நிறுத்திட்டு முதல்ல துளைப்பானைப் பாருங்க.

நாற்றுப்பை:

ஒரு விஷயம் யாரும் சொல்லல. கோரை எப்படி வந்தது? ஐப்பசியில புதுசா வைக்கப் போற கன்னுப் பையை ஒவ்வொண்ணாப் பாருங்க. பை வாயில ஒரே ஒரு கோரை இலை தெரிஞ்சாலும் உள்ளே கிழங்கு உண்டு. இலையைக் கிள்ளிட்டு நட்டா கன்னுக்கு அடியிலேயே கோரையை நட்டாச்சு, அந்த இடத்துல அப்புறம் கொத்தவும் முடியாது. கோரை இல்லாத பையாப் பார்த்து எடுங்க.

ஏரி வண்டலும் அப்படித்தான். நஞ்சை ஓரத்து வண்டல்னா கோரைக்கிழங்கோடதான் வரும். பட்டி எருவில வேலிக்காத்தான் விதை இருக்கும். ஆடு மாடு அந்த நெத்தைத் தின்னா விதை சாகாம சாணியில வரும், முளைப்பும் நல்லா இருக்கும். எருவை மக்க வெச்சுப் போடுங்க. டிராக்டர் கலப்பை அருகு நிலத்துலேர்ந்து நேரா வந்தா கொத்துல சுத்தியிருக்கிறதை வெளியிலேயே அறுத்து எறியச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

செம்மண்கொல்லை:

உப்பு, கோமியம் பத்தி யாரும் பதில் சொல்லலையே. அப்புறம், வட்டத்துக்கு மூடாக்குக்குப் பதிலா கறுப்பு ஷீட் போட்டுட்டா வேலை முடிஞ்சிடாதா?

உரக்கடைத்திண்ணை:

உப்புக் கரைசல் இலையின் தண்ணீரை உறிஞ்சிக் கருக்கும், அவ்வளவுதான். கிழங்குக்கு இறங்காது, எனவே பாராகுவாட் கதைதான். 10 லிட்டருக்கு ஒரு கிலோ என்று ஏக்கருக்கு 150 லிட்டர் அடித்தால் ஒரு முறைக்கு 15 கிலோ உப்பு மண்ணில். கோரை திரும்பத் திரும்ப வரும், நீங்களும் திரும்பத் திரும்ப அடிப்பீர்கள். சோடியம் சேரச் சேரச் செம்மண் மேலே ஏடு கட்டி இறுகும், மழை இறங்காது. ஏற்கெனவே உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் இது வேண்டவே வேண்டாம். கோமியமும் எலுமிச்சையும் அந்தக் கரைசலில் தரும் கூடுதல் பலன் வாசனை மட்டுமே.

காணிக்கணக்கு:

மெல்லிய கறுப்பு ஷீட், 25 அல்லது 30 மைக்ரான், கோரைக்கு நிற்காது. முளை நுனி ஈட்டி போல் கூராக இருக்கும், ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். ஷீட் கிழிந்து மண்ணில் கலந்தபின் அதைப் பொறுக்குவது தனி வேலை. அருகு துளைக்காது, ஆனால் ஓரத்தில் நுழைந்து அடியிலேயே ஓடி தண்டு ஓட்டை வழியாகத் தலை நீட்டும்.

நெய்த களைப்பாய் என்றால் 100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை) அளவில் கோரையையும் பெரும்பாலும் அடக்கும். ஒரு கன்றுக்கு 1 மீட்டர் சதுரம், ஓரங்களை நாலு விரல் ஆழம் மண்ணில் புதைக்க வேண்டும். சில வருடம் தாங்கும். கொத்து ஆளே கிடைக்காத இடத்தில் விலைக்குத் தகும். ஆனால் விரிக்கும் முன் வட்டத்தை ஒரு முறை நன்றாகக் கொத்திக் கிழங்கு எடுத்திருக்க வேண்டும். தண்டுக்கான ஓட்டையை ஒவ்வொரு வருடமும் அகலப்படுத்த வேண்டும், மறந்தால் தண்டை இறுக்கும். உரமிடும்போது ஒரு பக்கம் தூக்கிப் போட்டு மூட வேண்டும். ஆளுக்கே பஞ்சம் என்கிறீர்கள், அந்தக் கோரை ஏக்கருக்கு மட்டும் 82 பாய் வாங்கலாம். மற்ற 2 ஏக்கருக்குச் சணப்பை மூடாக்கு போதும்.

முள்வேலி:

மேற்கு வேலிக்கு. வேலிக்காத்தானைத் தரையோட வெட்டாதீங்க, ஒண்ணு பத்தாக் கிளைக்கும். முளைக்கிற பாகம் தண்டும் வேரும் சேர்ற இடத்துல, மண்ணுக்குள்ள ஒரு அடி வரைக்கும் இருக்கு. கட்டைவிரல் பருமன் வரை மழை ஈரத்துல கடப்பாறை போட்டு அந்த ஒரு அடியோட நெம்பி எடுக்கலாம். அதுக்கு மேல பருத்ததை ஜே.சி.பி.க்குச் சேர்த்து வைங்க. மணிக்கணக்கு வாடகை, அதனால எல்லாத்தையும் மேல்கிளை வெட்டி, கட்டையா நிறுத்தி, பாதை ஒதுக்கி வெச்சிட்டுக் கூப்பிடுங்க. வண்டி வந்து நின்னபிறகு முள் வெட்டினா காசு முள்ளுக்குப் போகும்.

உண்ணிச்செடிக்கு அவ்வளவு ஆழம் வேணாம். புதரைத் தூக்கிப் பிடிச்சு, ஆணிவேரைத் தரைக்குக் கீழே நாலு விரல்ல மண்வெட்டியால ஒரே வெட்டா வெட்டி, தலைகீழாக் கவிழ்த்துப் போடுங்க. கிளை மண்ணுல பட்டாக் கணுவுல வேர் விடும், அதான் கவிழ்க்கிறது. பழம் கறுக்கிறதுக்கு முன்னாடி செய்யணும். கறுத்துட்டா குருவி விதையைக் கொண்டுபோய்க் காடெல்லாம் போடும். எடுத்த இடத்தைச் சும்மா விடாதீங்க, அடுத்த மழைக்கு வர்ற நாத்தைக் கையால பிடுங்கிடலாம், ஒரு வருஷம் விட்டா மறுபடி கடப்பாறைதான்.

தீ மட்டும் வைக்காதீங்க. முந்திரிச் சருகு சட்டுன்னு தீப்பிடிக்கும், வேலியில வெச்ச தீ உள்ளே வந்தா கன்னு தாங்காது. அருகும் கோரையும் தீக்கு அசையாது, கீழே இருக்கிறது அப்படியே இருக்கும்.

வரப்பு அருகுக்கு: வரப்புக்கும் கொல்லைக்கும் நடுவுல ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழம் கோடு எடுத்து விடுங்க. அருகு அந்தக் கோட்டைத் தாண்டும்போது கொடி அந்தரத்துல தொங்கும். மாசம் ஒரு தடவை அரிவாளால ஓரமா அறுத்துட்டே போனா உள்ளே ஏறாது. மழையில கோடு தூர்ந்தா திரும்ப எடுக்கணும்.

செம்மண்கொல்லை:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. இது எத்தனை வருஷம்? காய்ப்பு வந்தபிறகும் இதே வேலையா?

கொழுமுனை:

7 x 7-ல நல்லா வளர்ந்தா 6, 7 வருஷத்துல கிளை நெருங்கி நடுவுல வெயில் விழுறது குறையும். அப்பக் கோரை தானா மெலியும், அடியில சருகு சேர்ந்தா இன்னும். பழைய முந்திரிக்காட்டு அடியில கோரை இல்லாததுக்குக் காரணம் நிழல்தான். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூர் மாவட்டத்துல மரங்களைச் சாய்ச்சப்போ நிழல் போன இடத்துல எல்லாம் களை எழும்பிடுச்சு. உங்க காட்டுலயும் எங்கயாவது மரம் செத்து வெற்றிடம் விழுந்தா அதே பருவத்துல கன்னு வைங்க, வெயில் வர்ற ஓட்டை வழியாத்தான் கோரை திரும்ப வரும்.

கவாத்து பண்ணும்போதும் இதை நினைப்புல வைங்க. தூர்லேர்ந்து முக்கால் முதல் 1 மீட்டர் உயரம் வரைக்கும் வர்ற பக்கக்கிளையை எடுத்தாப் போதும். டிராக்டர் போகணும்னு ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கழிச்சு விட்டா அடியில வெயில் பாயும், தூரைச் சுத்திக் கோரையும் வரும், கொட்டை எட்டாத உயரத்துக்கும் போகும்.

காய்ப்பு தொடங்கினபிறகு மாசி முதல் வாரத்துல மரத்தடியை ஒரு தடவை தரையோட அறுத்துப் பெருக்கி வைங்க. பங்குனி, சித்திரையில உதிர்ற கொட்டை புல்லுக்குள்ள மறைஞ்சா பொறுக்குற ஆளுக்கு நேரம் இரட்டிப்பாகும், தப்பினது மழைக்கு முளைச்சுப் போகும். அந்த ஒரு அறுப்பும் வேலிப் பக்கம் ஒரு பார்வையும்தான் அதுக்கப்புறம் வருஷத்து வேலை.